ஊரடங்கு வைத்த ஆடி

மூச்சுத்திணறலை எண்ணினோம், ஆக்சிஜன் அளவை எண்ணினோம். கணவன் மனைவிக்கு நடுவில் கொரோனா என்ன செய்தது என்பதை நம்மூரில் யாரும் எண்ணவில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை.

விடியற்காலை ஐந்து மணிக்கே கம்பத்தில் ஜீப்புகள் தயாராகிவிடும். சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகும் பெண்களின் கோலம் இது. உட்கார இடமிருப்பது எட்டுப் பேருக்கு என்றால் ஏறுவது பதினைந்து பேர். கம்பத்துக்காரர்களுக்குக் கம்பம்மெட்டு, கூடலூர்க்காரர்களுக்குக் குமுளி, போடிக்காரர்களுக்குப் போடிமெட்டு. பகல் முழுக்கக் கேரளத்தில் வேலை, ராத்திரிச் சோறு தமிழ்நாட்டில்.

2020 மார்ச் கடைசி வாரத்தில் இந்த மலைவழிகள் மூன்றும் அடைபட்டன. மேலே தங்கி வேலை பார்த்தவர்கள் மேலேயே நின்றார்கள், கீழே இருந்தவர்கள் கீழே. பஸ் இல்லை, ஜீப் இல்லை என்றானதும் சிலர் காட்டுக்குள் இறங்கி நடந்தார்கள். அப்படி இடுக்கித் தோட்டத்திலிருந்து போடி பக்கம் ராசிங்காபுரத்துக்கு நடந்து வந்தவர்கள் மலையில் காட்டுத்தீக்குள் சிக்கினார்கள். இறந்தவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்கிற தவிப்பு ஒரு மனுஷனை எவ்வளவு தூரம் தள்ளும் என்று அன்றைக்கே தெரிந்தது.

நம் ஊரில் ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கம் உண்டு. சித்திரையில் பிள்ளை பிறந்தால் ஆகாது என்று அதற்கொரு காரணமும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பிரிவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆடிச் சீர் இருக்கிறது, ஆவணி ஒன்றாம் தேதி இருக்கிறது. ஊரடங்கு வைத்த ஆடிக்கு முடிவு தேதியே இல்லை. பாஸ், பரிசோதனைச் சான்று என்று வழி கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாலும், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே பஸ் மறுபடி ஓடியது 2021 டிசம்பர் 1-ம் தேதிதான். இருபது மாதத்துக்கு மேல்.

பிரிந்து கிடந்தவர்கள் கதை இப்படி என்றால், சேர்ந்து கிடந்தவர்கள் கதை வேறு. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் வளைகுடாவுக்குப் போகாத தெரு குறைவு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வந்துபோகும் கணவன், விமானம் இல்லாமல் மாதக்கணக்கில் வீட்டோடு இருந்தார். முதல் மாதம் விருந்து. மூன்றாம் மாதம் கடன்காரன் போன். அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதே சங்கடம். கல்யாணமாகிப் பத்து வருடம் ஆனவர்கள்கூட மொத்தமாகச் சேர்ந்து வாழ்ந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. அவர்களுக்கு இந்த ஊரடங்கு ஒருவிதத்தில் முதல் குடித்தனம். நெருக்கம் கூடியவர்களும் உண்டு, இவ்வளவு காலம் போனில் வாழ்ந்ததே தேவலை என்று நினைத்தவர்களும் உண்டு.

ஒரு ஹால், ஆறு பேர்

தம்பதிகளின் நெருக்கத்தைக் கொரோனா என்ன செய்தது என்று வெளிநாடுகளில் ஆராய்ச்சிகள் வந்தன. அமெரிக்காவின் கின்சி நிறுவன ஆய்வாளர்கள் 2020-ல் 1,559 பேரிடம் இணையவழியாகக் கேட்டார்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் தங்கள் பாலுறவு வாழ்க்கை சரிந்துவிட்டது என்றார்கள். ஐந்தில் ஒருவர் புதிதாக ஏதோ ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம் என்றார். படிக்கச் சுவாரசியம்தான். ஆனால் அந்தக் கேள்வித்தாளில் நம்மூருக்கான முதல் கேள்வியே இல்லை: உங்கள் வீட்டில் கதவுள்ள அறை எத்தனை?

கூலிக்காரர் வீடு என்றால் முன்னால் ஒரு தகரச் சாய்ப்பு, நடுவில் ஹால், பின்னால் அடுப்படி. அரசு கட்டிக்கொடுத்த பசுமை வீடே மொத்தம் 300 சதுர அடி. அதில் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள், புருஷன் பெண்டாட்டி. சாதாரண நாளில் இதற்கெல்லாம் ஒரு ஏற்பாடு தானாகவே இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள், பெரியவர்கள் நூறு நாள் வேலைக்கோ, திராட்சைத் தோட்டத்துக்கோ போயிருப்பார்கள். நடுவில் வேலை இல்லாத ஒரு மத்தியானம் வாய்க்கும். கொரோனா முதலில் பறித்தது அந்த மத்தியானத்தைத்தான். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1-ல். பத்தொன்பது மாதம் வீடு முழுக்க ஆள்.

பிரிந்திருந்தவர்களுக்கு மிச்சமிருந்தது போன். அதையும் ஆன்லைன் வகுப்பு எடுத்துக்கொண்டது. வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்று, அது பையன் கையில். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அது அம்மா கைக்கு வரும்போது சார்ஜ் இருக்காது, டேட்டா தீர்ந்திருக்கும். அப்படியே இருந்தாலும் ஹாலில் படுத்துக்கொண்டு என்ன பேசிவிட முடியும்? சாப்டியா, சாப்டேன், வைக்கவா. இதற்கு மேல் போக வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். மொட்டை மாடி எல்லோருக்கும் இல்லை.

தொற்று உறுதியான வீடுகளுக்கு முன்னால் ஆரம்பத்தில் தகரம் அடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? தனி அறை, தனி கழிப்பறை என்று டிவியில் சொன்னார்கள். தகரத்துக்கு உள்ளே இருந்தது மேலே சொன்ன அதே ஹால். நோய் வந்தவர் மூலையில், மற்றவர்கள் எதிர் மூலையில். பதினாலு நாளில் தகரம் போய்விட்டது. தொட்டால் வந்துவிடுமோ என்ற கூச்சம் போகப் பல வீடுகளில் மாதங்கள் ஆயின. இன்றும் மனைவி தும்மினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கணவர்கள் இருக்கிறார்கள்.

நிறுத்திவைத்த ஆபரேஷன்

ஊரடங்கின் பின்விளைவு அதிகம் விழுந்தது கருத்தடையில்தான். விழுந்தது முழுக்கப் பெண்கள் தலையில்.

தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெண்ணுக்கு ஆபரேஷன் என்றே பொருள். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கல்யாணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொள்ளும் வாசக்டமி ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இத்தனைக்கும் ஒவ்வொரு வருடமும் நவம்பர் கடைசியில் வாசக்டமி இருவார விழா நடக்கிறது, ஊர்தி போகிறது, நோட்டீஸ் கொடுக்கிறார்கள். நோட்டீஸைக் கையில் வாங்கும் ஆண் அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்து வீட்டுக்கு எடுத்துப்போவதை நான் இதுவரை பார்த்ததில்லை.

2020 ஏப்ரலில் மத்திய சுகாதாரத் துறை ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. ஆபரேஷனும் காப்பர்-டி பொருத்துவதும் அப்போதைக்கு வேண்டாம், ஆணுறையும் மாத்திரையும் கொடுங்கள் என்றது. பிரசவத்தோடு சேர்த்து ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. பிரசவம் நிற்கவில்லையே. நடுவில் இருந்தவர்கள்தான் மாட்டினார்கள். முதல் பிள்ளைக்கு ஒரு வயது, அடுத்ததுக்கு இரண்டு வருடம் போகட்டும் என்று நினைத்தவள். இரண்டு போதும், ஆபரேஷனை அறுப்பு முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவர்களுக்கு இலவசமாகவே சில வழிகள் உண்டு. ‘அந்தரா’ என்ற ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ‘சாயா’ மாத்திரையை முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. கேட்க எளிதாக இருக்கிறது. கொடுப்பது யார்? கிராம சுகாதார செவிலியர். ஊரில் நர்ஸம்மா. அந்த நர்ஸம்மாவைத்தான் காய்ச்சல் கணக்கெடுக்கவும், தொற்று வந்தவர் யார் யாரோடு பேசினார் என்று பட்டியல் போடவும், பிறகு தடுப்பூசி முகாமுக்கும் அனுப்பினோம். அவர் என்ன செய்வார் பாவம்! ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் நாள் கூடிப்போனால் அந்த இடைவெளியில் கரு நின்றுவிடும்.

சரி, ஆணுறை? ஆணுறையை அரசு ஆஸ்பத்திரியில் பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள், யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஊரடங்கில் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே பயம். மெடிக்கல் ஷாப் திறந்திருந்தது. ஆனால் சின்ன ஊரில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர் சொந்தக்காரராக இருப்பார், இல்லாவிட்டால் தங்கச்சியோடு படித்தவராக இருப்பார். வட்டம் போட்ட இடத்தில் வரிசையில் நின்று, ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, முகக்கவசத்துக்குள்ளிருந்து சத்தமாக என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். வழக்கமாக நாலு பேர் போகட்டும் என்று காத்திருந்து, நியூஸ்பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு வருகிற பொருள் அது.

அவசரத்துக்குப் போடும் மாத்திரை கதை இன்னும் மோசம். உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ‘ஐ-பில்’ போன்ற மாத்திரையைச் சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம். தமிழ்நாட்டில் கடை கடையாக அலைந்தாலும் கிடைப்பது அரிது. அறிவிக்கப்படாத தடை என்று பெண்கள் அமைப்புகள் வருடக்கணக்காகச் சொல்லிவருகின்றன. சாதாரண நாளிலேயே மதுரைக்கோ, க.விலக்கில் உள்ள தேனி மருத்துவக் கல்லூரிக்கோ போய் டாக்டரைப் பார்த்தால்தான் உண்டு. கூடலூரிலிருந்து க.விலக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பஸ் ஓடாத காலத்தில் 72 மணி நேரம் எம்மாத்திரம்?

கருக்கலைப்பை அத்தியாவசிய சேவை என்று அரசு அறிவித்திருந்தது உண்மை. ஆனால் மாத்திரையில் முடிவது ஆரம்ப வாரங்களில்தான். தள்ளிப்போனதைக் கவனித்து, மாமியாருக்குத் தெரியாமல் புருஷனிடம் சொல்லி, வண்டி பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த வாரங்கள் கடந்துவிடும். அதன் பிறகு இரண்டே வழி: ஆபரேஷன் தியேட்டர், அல்லது பெற்றுக்கொள்வது.

---
பெட்டிச் செய்தி: கணக்கு சொல்வது

● ஊரடங்கால் இந்தியாவில் 2.56 கோடி தம்பதிகளுக்குக் கருத்தடை வசதி கிடைக்காமல் போகலாம், 23.8 லட்சம் பெண்கள் விரும்பாமலே கருத்தரிக்கலாம் என்று எஃப்.ஆர்.எச்.எஸ். இந்தியா என்ற அமைப்பு 2020 மே மாதம் மதிப்பிட்டது.

● முதல் மூன்று மாத ஊரடங்கில் நடந்திருக்க வேண்டிய 39 லட்சம் கருக்கலைப்புகளில் 18.5 லட்சம் தடைபட்டன அல்லது தள்ளிப்போயின என்பது ஐபாஸ் டெவலப்மென்ட் ஃபவுண்டேஷன் மதிப்பீடு.

● இந்தியாவில் 2019-ல் 2.48 கோடியாக இருந்த பிறப்புப் பதிவு 2020-ல் 2.42 கோடியாகக் குறைந்தது.

● உலகின் ஐந்தில் ஒரு ஆணுறையைத் தயாரிக்கும் மலேசியாவின் கேரெக்ஸ் நிறுவனம் ஊரடங்கில் விற்பனை எகிறும் என்று எதிர்பார்த்தது. இரண்டு வருடத்தில் 40 சதவீதம் வரை சரிந்தது.
---

லாட்ஜ் வைத்தியரும் சுகரும்

டீக்கடையில் இன்றைக்கும் கேட்கலாம். ‘ஊசி போட்டதுல இருந்துதாண்ணே உடம்பு முன்ன மாதிரி இல்ல.’ முழங்கால் வலியைச் சொல்கிறாரா, வேறெதையாவது சொல்கிறாரா என்பது அவர் குரல் இறங்குவதை வைத்துத்தான் தெரியும். நம் ஆண்களுக்கு இந்த விஷயத்தில் நேரடியான சொல்லே கிடையாது. ‘முடியல’ என்பார்கள். கொஞ்சம் படித்தவர் ‘நரம்புத் தளர்ச்சி’ என்பார். டாக்டரிடம் போனால் தலைவலி, தூக்கமில்லை என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து வெளியே போகும்போது திரும்பி நின்று, ‘இன்னொண்ணு சார்’ என்று ஆரம்பிப்பார்கள்.

கொரோனா தடுப்பூசி காரணமில்லை. நோய் காரணமாக இருக்கலாம். இத்தாலியில் 2021-ல் 100 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில், கொரோனா வந்துபோனவர்களில் 28 சதவீதம் பேருக்கு விறைப்புத்தன்மைக் குறைபாடு இருந்தது. வராதவர்களில் 9 சதவீதம். சின்ன ஆய்வுதான், அதை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் காரணம் புரியக்கூடியது. கொரோனா ரத்தக்குழாயின் உட்சுவரைப் பதம் பார்க்கும் நோய். விறைப்பு என்பது ரத்த ஓட்டத்தின் வேலை.

அதைவிட நம்மூருக்குப் பொருந்தும் காரணம் சுகர். வீட்டிலேயே உட்கார்ந்த ஒரு வருடத்தில் எடை ஏறியது, சுகர் மாத்திரை வாங்கப் போகாமல் விட்டது, கடன் கவலை, தூக்கமின்மை. இவை எல்லாமே முதலில் கை வைப்பது அங்கேதான். இதயத்துக்கு அடைப்பு வரப்போகிறது என்பதை உடம்பு சில வருடம் முன்கூட்டியே இந்த வழியாகச் சொல்லும் என்று இதய மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆகவே ‘முடியல’ என்று வருகிறவருக்கு முதலில் பார்க்க வேண்டியது சுகரும் பிரஷரும்.

ஆனால் அவர் போவது எங்கே? ஒவ்வொரு மாதமும் இன்ன தேதி, இன்ன லாட்ஜ், இன்ன ரூம் என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்குமே, அங்கே. ஊரடங்கில் லாட்ஜ் மூடியதும் அந்த வியாபாரம் செத்துப்போகவில்லை, யூடியூபுக்கு மாறியது. லேகியம் கொரியரில் வீட்டுக்கே வந்தது. எதைக் கலந்தார்கள் என்று யாருக்கும் தெரியாத ஒரு டப்பா, விலை ஒரு வாரக் கூலி.

---
பெட்டிச் செய்தி: ஊசியும் வதந்தியும்

● தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்த 2021 ஜனவரி 3 அன்றே, ஆண்மைக் குறைவு வரும் என்ற பேச்சு முழுக்க அபத்தம் என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி வி.ஜி.சோமானி சொல்ல வேண்டியிருந்தது. வதந்தி ஊசியைவிட வேகம். ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள் மாரடைப்பில் இறந்தது தமிழ்நாட்டில் பயத்தை இன்னும் கூட்டியது.

● பாஸ்டன் பல்கலைக்கழகம் 2,126 பெண்களையும் அவர்கள் துணைவர்களையும் தொடர்ந்து கவனித்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், தடுப்பூசியால் கருத்தரிக்கும் வாய்ப்பு குறையவில்லை. ஆணுக்குக் கொரோனா வந்திருந்தால் அடுத்த 60 நாட்களுக்கு அந்த வாய்ப்பு குறைந்திருந்தது.

● மாதவிடாய் தள்ளிப்போனது கற்பனை இல்லை. ஊசி போட்ட மாதத்தில் சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளியது என்று அமெரிக்க ஆய்வு காட்டியது. ஓரிரு மாதத்தில் சரியாகிவிடும். இதைப் பெண்களிடம் முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி பயம் குறைந்திருக்கும்.
---

இந்தப் பள்ளத்தாக்கு ஏற்கெனவே பார்த்தது

இந்தப் பள்ளத்தாக்கு இருக்கும் தேனிக்கு இது முதல் கொள்ளைநோய் இல்லை. லாரிப் பாதையும் எல்லைப் போக்குவரத்தும் உள்ள மாவட்டம். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்த பின், அடுத்த இருபது வருடத்தில் தமிழ்நாட்டில் அதிகம் அடிபட்ட பெயர்களில் நாமக்கல்லும் தேனியும் உண்டு. எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக வந்த ‘புள்ளிராஜா’ விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஊரே சிரித்தது. சிரித்துக்கொண்டே பேசவும் பழகியது.

அந்தக் காலம் இங்கே சிலவற்றை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. தொழுநோய், காசநோய் என்று தொடங்கி எச்.ஐ.வி. நோயாளிகளை வைத்துப் பார்த்த ஆண்டிபட்டி ஆரோக்ய அகம். அரசு ஆஸ்பத்திரிகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகை. அந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு ஆலோசகர், எதிரில் ஒரு நாற்காலி, சாத்திக்கொள்ள ஒரு கதவு. யாரோடு, எப்போது, உறை போட்டீர்களா என்று முகம் சுளிக்காமல் கேட்கவும், கேட்டதை வெளியே சொல்லாமல் இருக்கவும் பயிற்சி பெற்றவர் அவர். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் தாம்பத்தியத்தைப் பற்றி வாய்விட்டுப் பேச இருக்கும் அநேகமாக ஒரே நாற்காலி அதுதான்.

கொரோனா வந்தபோது அந்தக் கட்டமைப்பு ஒரு காரியத்தை நன்றாகவே செய்தது. எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை ஒருநாள்கூட விடக் கூடாது என்பதால், மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்துவிட தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ அனுமதித்தது. சோதனை அப்படி நடக்கவில்லை. சோதனைக்கூட ஊழியர்கள் பலர் கொரோனா மாதிரி எடுக்கப் போனார்கள், புதிதாகச் சோதித்துக்கொள்ள வருகிறவர்கள் குறைந்தார்கள். பாலியல் தொழில் செய்கிறவர்களுக்கும் திருநங்கைகளுக்கும் ஒரே நாளில் வருமானம் நின்றது. அடையாள அட்டை கேட்காமல் பாலியல் தொழிலாளர்களுக்கு ரேஷன் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பர் 29-ல் உத்தரவிட வேண்டிவந்தது. ஊரடங்கு தொடங்கி ஆறு மாதம் கழித்து.

இருந்த நாற்காலியை எச்.ஐ.வி.க்கு மட்டும் என்று சுருக்கி வைத்ததுதான் நாம் செய்த தப்பு. கொரோனா வந்து மீண்டவரைக் கூப்பிட்டு நுரையீரல் ஸ்கேன் எடுத்தோம். அதே ஆஸ்பத்திரியில் நாலு அறை தள்ளி உட்கார்ந்திருந்த ஆலோசகரிடம் ஒருமுறை பேசிவிட்டுப் போங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

தாழ்ப்பாளுக்கு உள்ளே

நெருக்கம் என்றால் இருவருக்கும் சம்மதம் என்று அர்த்தம். வேலையில்லாமல் வீட்டிலிருந்த எல்லா ஆணும் சம்மதம் கேட்டார் என்று சொல்ல முடியாது. டாஸ்மாக் மூடியிருந்த நாற்பது சொச்ச நாளில் கை நடுக்கமும் எரிச்சலும், 2020 மே 7-ல் திறந்த அன்று கிலோமீட்டர் வரிசையும் பார்த்தோம். இரண்டுக்கும் வீட்டில் அடிவாங்கியது ஒரே ஆள். தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் ஊரடங்கின் முதல் வாரங்களிலேயே இரட்டிப்பாயின. சொந்த போனும் தனி இடமும் இருந்தவர்கள் அனுப்பிய புகார்கள் அவை. ஹாலில் ஆறு பேர் இருக்கும் வீட்டிலிருந்து எப்படிப் புகார் போகும்?

கணவன் வலுக்கட்டாயமாக உறவு கொள்வதை நம் குற்றவியல் சட்டம் இன்னும் பாலியல் வல்லுறவாக ஏற்கவில்லை. ஆனால் 2005-ம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது, பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். 181-க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

ஊரடங்கு நடுவில் ஒரு நல்ல மாற்றமும் வந்தது. 2021 செப்டம்பர் 24-ல் நடைமுறைக்கு வந்த கருக்கலைப்புத் திருத்தச் சட்டம், ‘கணவன்’ என்றிருந்த இடத்தில் ‘துணைவர்’ என்று மாற்றியது. குறிப்பிட்ட சூழ்நிலையில் உள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை அனுமதித்தது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் கல்யாணமாகாத பெண்களுக்கும் இது பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் இதைச் சொல்லும் ஒரு போஸ்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.

---
பெட்டிச் செய்தி: எங்கே கேட்கலாம்?

● 104: தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை.
● 1097: எச்.ஐ.வி., பால்வினை நோய் சந்தேகங்களுக்கு. கட்டணமில்லை.
● 14416: டெலி-மானஸ் மனநல ஆலோசனை. 
● 181: பெண்கள் உதவி எண்.
---

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. கொரோனா கற்றுக்கொடுத்த நல்ல பாடம் அது. சுகாதாரத் துறைக்கு நாம் வைக்கும் கோரிக்கை இரண்டுதான். அந்தப் பையில் சாயா மாத்திரைக்கும் ஆணுறைக்கும் இடம் கொடுங்கள். அடுத்து எப்போதாவது ஊரடங்கு அரசாணை எழுத நேர்ந்தால், பால், மருந்து, பெட்ரோல் என்று வரும் பட்டியலில் நர்ஸம்மாவின் அந்தரா ஊசியையும் ஒரு வரியாகச் சேருங்கள்.